ஆர்.பி.எம்.மா, ஜி-யா? பிளாஸ்மா பிரிக்க எதை வைத்து செட் பண்ணுவது

குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்ன லேப்களில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய திரவத்தை) பிரிக்க ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) கணக்குதான் கைப்பழக்கம். "3500, 15 நிமிஷம்" என்று சென்ட்ரிஃபியூஜ் (ரத்தக் குழாய்களை வேகமாகச் சுற்றும் மெஷின்) மூடியில் ஒட்டிவிட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் சரியாகச் செய்வார். மெஷின் மாறாதவரை நல்ல வழி.

ரத்த அணுக்களை அடியில் தள்ளுவது ஜி விசை, அதாவது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. அது ரோட்டாரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகத்தின்) ஆரத்தையும் பொறுத்தது. 10 செ.மீ. ஆரத்தில் 3500 சுற்று என்பது சுமார் 1370 ஜி, 16 செ.மீ.யில் அதே 3500 சுமார் 2190 ஜி. பி.டி., ஏ.பி.டி.டி. என்ற ரத்தம் உறையும் நேரச் சோதனைகளுக்கு நீல மூடிக் குழாயை 1500 ஜி-யில் 15 நிமிஷம் சுற்றுவது வழக்கம். விசை குறைந்தால் தட்டணுக்கள் பிளாஸ்மாவிலேயே தங்கும். உறையவைத்துக் கோவைக்கு அனுப்பும் சாம்பிள் என்றால் அவை உடைந்து ரிசல்ட்டையே மாற்றிவிடும். நோயாளிக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தின் அளவு தப்பும்.

அதனால் நான் ஜி பக்கம். பழைய மெஷினில் ஜி காட்டாதா? நடுத்தண்டிலிருந்து, சுழலும்போது குழாயின் அடி நிற்கும் இடம்வரை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 10 செ.மீ. என்றால் 1500 ஜி-க்குச் சுமார் 3660 சுற்று. அந்த எண்ணை அந்த மெஷினில் மட்டும் ஒட்டுங்கள். ஊட்டியில் மார்கழிக் குளிர் வேறு. இந்தக் குழாய்களுக்கு 18 முதல் 25 டிகிரி வேண்டும், அறையைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள்.