மின்னூட்டம் மாற்ற: வெளியே இணைப்பதா, உள்ளே தொடுவதா?

2 செ.மீ. ஆர உலோக உருண்டையில் 8 நானோகூலும் (மின்னூட்ட அலகு) மின்னூட்டம் இருக்கிறது. அந்த மின்னூட்டத்தை 6 செ.மீ. ஆரமுள்ள, மின்னூட்டமற்ற உள்ளீடற்ற கோளத்துக்கு மாற்ற வேண்டும்.

எவ்வளவு போகும்?
வெளியே: தள்ளிவைத்து நீண்ட மெல்லிய கம்பியால் இணைத்தால் ஆர விகிதப்படி (6:2) 6 போகும், 2 தங்கும், இரண்டும் 900 வோல்ட்டில் நிற்கும். நேரடியாகத் தொட்டால் இந்த ஆர விகிதம் பொருந்தாது. பலர் சறுக்குவது இங்கேதான்.
உள்ளே: சிறு துளை வழியே இறக்கி உட்சுவரைத் தொட்டால் எட்டும் போய்விடும், கோளம் 1200 வோல்ட்.

உருண்டையை மறுபடி மறுபடி 8-க்கு ஏற்றிக் கொடுத்தால்?
வெளியே: 8 ஏறிய உருண்டையின் 3600 வோல்ட்டைக் கோளம் நெருங்க நெருங்க வரவு சுருங்கும்.
உள்ளே: கசிவோ தீப்பொறியோ தடுக்கும்வரை ஏறும். மிக உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் வான் டி கிராஃப் இயந்திரத்தின் சூட்சுமம் இதுவே.

பிழை?
உள்ளே: துளை விளிம்பில் பட்டால் மிச்சம் ஒட்டிவரும்.
இரண்டிலும்: ஈரமான பிடி கசியவிடும்.

மின்னழுத்தம் சமமாவதைக் காட்ட வெளி. மிச்சமின்றிச் சேர்க்க உள்.