ஒரு மழைக்காலம் தாண்டி எழுதுற ரிவ்யூ: பூனை மூத்திர வாடைக்கு என்சைம் கிளீனர்

இந்த பாட்டில் வாங்கி பத்து மாசம் ஆச்சு, வாங்குன வாரமே ரிவ்யூ எழுதிருக்கலாம், ஆனா ஐப்பசி மழை வரட்டும்னு வேணும்னே காத்திருந்தேன். பூனை மூத்திர வாடை போச்சா இல்லையான்னு வெயில் காலத்துல சொல்லவே முடியாது, மழைல தான் தெரியும்.

எங்க வீட்ல மணின்னு ஒரு கடுவன் இருக்கான். மாடிப்படிக்கு கீழ நனைஞ்சு கெடந்த குட்டி, தூக்கிட்டு வந்து வளத்தோம். எட்டு மாசம் ஆனப்போ ஆரம்பிச்சான், மொதல்ல பீரோ ஓரம், அப்புறம் சோபா கால், கடைசில அம்மாவோட இலவம்பஞ்சு மெத்தை. அம்மா கல்யாணத்துக்கு தாத்தா செஞ்சு குடுத்த மெத்தை அது, தூக்கிப் போடும்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சோப்புத்தூள், எலுமிச்சை, வினிகர், ஆப்ப சோடா, சாம்பிராணின்னு நாங்க பண்ணாத வைத்தியம் இல்ல. மொட்டமாடில ரெண்டு நாள் காயப்போட்டா சுத்தமா போன மாதிரியே இருக்கும், அப்பாடான்னு உள்ள கொண்டு வந்து விரிப்போம், போன வருஷம் ஐப்பசில நாலு நாள் அடைமழை புடிச்சதும் அந்த ரூமுக்குள்ள காலு வைக்க முடியல, கண்ணு எரிஞ்சுது. ஏன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. மூத்திரத்துல இருக்குற யூரியா தண்ணில கரைஞ்சு போயிடும், ஆனா யூரிக் ஆசிட் அவ்ளோ லேசுல கரையாது, காஞ்சு பொடிப்பொடியா பஞ்சுக்குள்ள ஒட்டிக்கும், காத்துல ஈரம் ஏறுனா திரும்ப வாடை கெளம்பும். போதாததுக்கு பூனை மூத்திரத்துல ஃபெலினைன்னு ஒண்ணு இருக்கு, அது உடையும்போது கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் வருது, மூக்கைத் துளைக்குற அந்த நெடி அதோடது தான். கருத்தடை பண்ணாத கடுவனுக்கு இது ரொம்பவே ஜாஸ்தி.

இடையில ஒரு விஷயம், தயவு செஞ்சு கருப்பு ஃபினாயில் ஊத்தாதீங்க. அதுல இருக்குற ஃபீனால் வகையறாவை பூனையோட ஈரல் சரியா உடைக்காது, தரைல நடந்துட்டு பாதத்தை நக்குச்சுன்னா நேரா உள்ள போயிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்துல இருக்குற அம்மோனியாவோட சேர்ந்தா நெஞ்சை அடைக்குற விஷ வாயு வரும், நமக்கும் ஆபத்து.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஸ்ப்ரே வாங்குனேன், வாடை போக்கும்னு பெருசா போட்டிருந்தாங்க, லேபிளை திருப்பிப் பாத்தா வெறும் சென்ட்டு தான், என்சைம்னு, அதாவது அழுக்கை உடைச்சு கரைக்குற பொருள்னு, ஒரு வார்த்தை கெடையாது. லாவண்டரும் மூத்திரமும் கலந்து இன்னும் மோசமா போச்சு. அதனால எந்த பிராண்டா இருந்தாலும் பின்னாடி லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.

இப்ப இந்த பாட்டிலுக்கு வரேன். 500 மில்லி, எனக்கு 480 ரூபா ஆச்சு. உள்ள இருக்குற என்சைமும் நல்ல பாக்டீரியாவும் அந்த யூரிக் ஆசிட்டை தின்னு தீக்குது, அவ்ளோ தான் விஷயம். ஆனா அது தின்னு முடிக்குற வரைக்கும் ஈரம் காயக்கூடாது. ஸ்ப்ரே அடிச்சு பத்து நிமிஷத்துல துடைச்சா ஒண்ணுமே நடக்காது, மொதல்ல நான் அப்படித்தான் பண்ணி பாதி பாட்டில் வீணாப் போச்சு.

அப்புறம் ஒரு யூவி டார்ச் வாங்குனேன், ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு அடிச்சா காஞ்ச மூத்திரம் மங்கலான மஞ்சப்பச்சையா தெரியும். நாங்க ஒரே எடம்னு நெனச்ச மெத்தைல மூணு எடம் இருந்துச்சு, ஒண்ணு சரியா அம்மா தலகாணி வைக்குற பக்கம். மூணையும் சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டோம். பழைய சோப்பும் வினிகரும் இருந்தா என்சைம் சரியா வேலை செய்யாதுன்னு, வெறும் தண்ணி ஊத்தி துண்டை வச்சு அமுக்கி அமுக்கி எடுத்தோம். அதுக்கப்புறம் ஸ்ப்ரே மூடிய கழட்டிட்டு அப்படியே ஊத்துனேன், மூத்திரம் எவ்ளோ ஆழம் போயிருக்கோ மருந்தும் அவ்ளோ ஆழம் போகணும். மேல பாலித்தீன் ஷீட்டை போட்டு சுத்தி செங்கல் வச்சு ராத்திரி முழுக்க விட்டாச்சு. காலைல ஷீட்டைத் தூக்குனா வாடை முன்னவிட அதிகம், அம்மா முகமே மாறிடுச்சு. பயப்படாதீங்க, அது அப்படித்தான் இருக்கும், காயக்காய கொறையும். தை மாச வெயில்ல மூணு நாள் காயப்போட்டு, இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணோம். மொத்தம் ரெண்டு பாட்டில் போச்சு.

மொசைக் தரைக்கு ஒரு தடவை போதும். சோபா கால் மட்டும் முழுசா போகல, பாலிஷ் போன மரம், உள்ள ஊறிடுச்சு போல, கிட்ட மோந்து பாத்தா இன்னும் லேசா இருக்கு. சுவத்துல அடிக்குறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல டெஸ்ட் பண்ணிக்கோங்க, எங்க டிஸ்டம்பர்ல திட்டு விழுந்துடுச்சு.

ஆனா வெறும் கிளீனர் மட்டும் போதாது. மணிய வெட் டாக்டர்கிட்ட காட்டி கருத்தடை பண்ணிட்டோம், வால தூக்கிக்கிட்டு நின்ன வாக்குல பீச்சுறது அதுக்கப்புறம் நின்னுடுச்சு. லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை கக்கூஸ் போற மண் தட்டு, ஒண்ணு இருந்ததை ரெண்டாக்கி தெனமும் அள்ளுறோம். கடுவன் அடிக்கடி முக்கி ஒக்காந்து சொட்டு கூட வரலன்னா அது சேட்டை கெடையாது, மூத்திரக் குழாய் அடைச்சிருக்கும், ஒரு நாள் கூட தள்ளிப்போடாம ஓடுங்க, உயிர் போற விஷயம். அடிக்கவும் செய்யாதீங்க, பயந்தா இன்னும் ஜாஸ்தியா தான் போகும், பாவம் அதுக்கு வாய் இல்ல.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், ஒண்ணு கொறைச்சது விலைக்கும், ஸ்ப்ரே பண்ணி துடைச்சா போதும்னு பாட்டில்ல போட்டதுக்கும். இங்க ஆறு நாளா மழை. நேத்து ராத்திரி கரண்ட் போனப்போ ஜன்னலையும் சாத்திட்டு மெத்தைல மூக்கை வச்சுப் பாத்தேன், பஞ்சு வாசனையும் அம்மா தேய்க்குற தேங்காண்ணெ வாசனையும் தான் வந்துச்சு.