கப்பலில் காலா நைட்: பட்டா கவுனா, கோட்டா வேட்டியா?

நவம்பர் பிறந்தால் போதும், ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அக்கா, கப்பல்ல போறோம், காலா நைட்டுக்கு என்ன கட்டறது, பட்டு எடுத்துட்டுப் போலாமா?" உல்லாசக் கப்பலில் எல்லோரும் பளபளப்பாக உடுத்திக்கொண்டு சாப்பிடப் போகிற இரவுதான் காலா நைட். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான். அதனால் டிக்கெட் போட்டதும் சிலர் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். நாங்களும் மூன்று தடவை போய்வந்துவிட்டோம், அதில் ஒன்று மாமியாரோடு. செய்யக்கூடாத தப்பையெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், எந்தக் கப்பல் என்று பாருங்கள். எல்லாக் கம்பெனிக் கப்பலிலும் ஒரே சட்டம் இல்லை. சில வருடங்களில் கேப் டவுனுக்கு வந்துபோகிற குயின் மேரி 2 மாதிரி குனார்ட் கப்பல் என்றால், காலா மாலைகளில் ஆண்களுக்கு டக்ஸிடோ அல்லது டை கட்டிய கருப்பு சூட், இல்லையென்றால் அவரவர் நாட்டு ஃபார்மல் உடை. அது வேண்டாம் என்பவர்கள் பஃபே பக்கமும் இன்னும் சில இடங்களிலும்தான் இருந்துகொள்ள வேண்டும். இதற்கு நேர் எதிர் நார்வீஜியன்: ஆசை இருந்தால் போட்டுக்கொள், இல்லாவிட்டால் விடு, உன்னிஷ்டம். செலிப்ரிட்டிக்காரர்கள் 2015லேயே ஃபார்மல் நைட் என்ற பெயரை எடுத்துவிட்டு 'ஈவினிங் சிக்' என்று வைத்துவிட்டார்கள், கோட்டு கட்டாயமில்லை. நம் டர்பனிலிருந்து மூன்று நாள் நான்கு நாள் மொசாம்பிக் பக்கம், போர்ச்சுகீஸ் தீவு, பொமேனே என்று போய்வருகிற எம்எஸ்சி இரண்டுக்கும் நடுவில்: பெரும்பாலும் ஒரு காலா நைட், ஒரு வெள்ளை உடை இரவு, அவ்வளவுதான். கோட்டு இல்லை என்று யாரும் கடலில் தள்ளிவிட மாட்டார்கள், ஆனால் சுற்றி எல்லோரும் மினுமினுக்கும்போது நாம் மட்டும் டீஷர்ட்டில் நின்றால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். நான் கீழே சொல்வது முக்கியமாக இந்தச் சின்னப் பயணத்தை மனதில் வைத்துத்தான்.

பெண்களுக்கு மூன்று வழி. காஞ்சிப் பட்டு, கவுன், இல்லை நல்ல வேலைப்பாடு செய்த பஞ்சாபி, அதாவது சல்வார் கமீஸ்.

காஞ்சிப் பட்டுதான் எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் தோன்றுவது, எனக்கும் தோன்றியது. கல்யாணப் பட்டு, முக்கால் கிலோவுக்குக் குறையாது, அதையும் அதற்கேற்ற நகையையும் தூக்கிக்கொண்டு முதல் தடவை போனேன். உள் கேபின் என்பது சுமார் 13, 14 சதுர மீட்டர், அதில் கட்டில், மேஜை, பெட்டி, கணவர் எல்லாம் போக மிச்சமிருக்கிற இடத்தில் ஆறு கெஜத்தை விரித்துக் கொசுவம் வைத்துப் பாருங்கள். நான் மடிப்பு எடுக்கும்போது அவர் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், இறங்கினால் முந்தானையை மிதித்துவிடுவார் என்று பயம். அப்புறம் குளியலறை. வாசலில் ஒரு உயரமான படி இருக்கும், உள்ளே திரும்பக்கூட இடம் இருக்காது, பட்டுச் சேலையோடு அங்கே போய்வருவது ஒரு வித்தை. இதில் கடல் வேறு. நம் கரையோரமாக அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது, அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும், கப்பல் ஆடும். ஹீல்ஸ், கனத்த பட்டு, ஆடுகிற தரை, மூன்றும் சேர்ந்தால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்துத்தான் சாப்பாட்டு ஹாலுக்குப் போக முடியும்.

அழகில் குறையே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வழியில் நான்கு பேர் நிறுத்தி எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். சிவப்பு ஒயின் தட்டோடு ஒவ்வொரு பணியாளர் கடந்துபோகும்போதும் என் உயிர் போய் உயிர் வந்தது, அது வேறு கதை.

கவுன் சுலபம். ஐந்து நிமிடம், ஜிப்பை இழுத்தால் முடிந்தது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கவுன் வாங்கிக்கொண்டு வருவது தைக்க இல்லை, திருத்த. கை இல்லையே அக்கா, முதுகு இவ்வளவு தெரியுதே, கீழே தரையைக் கூட்டுதே என்று. கடைசியில் அதற்கு ஒரு ஷால், ஷாலுக்கு ஒரு பின். பழக்கமில்லாத உடையில் ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு இருப்பதற்கு எதற்கு அவ்வளவு ராண்ட் செலவு என்று எனக்குத் தோன்றும். பள்ளிக் கடைசி வருட மாட்ரிக் டான்ஸுக்கு வாங்கிய கவுன் சும்மா தொங்குகிறது, இன்னும் அளவு சரியாக இருக்கிறது என்றால் கண்டிப்பாக அதையே போடுங்கள், இளம்பெண்களுக்கு அதுதான் பொருத்தம்.

பஞ்சாபி எல்லோருக்கும் வசதி, படி ஏறலாம், டான்ஸ் ஆடலாம், குழந்தையைத் தூக்கலாம். ஆனால் சாதாரண காட்டன் பஞ்சாபி காலா நைட்டில் எடுபடாது, நல்ல ஜரிகையோ கல் வேலையோ இருக்க வேண்டும்.

நான் இப்போது போவது நான்காவது வழி: சாஃப்ட் சில்க், அரைக் கிலோ கூட வராது, வீட்டிலேயே கொசுவமும் முந்தானையும் மடித்துத் தேய்த்து, கிளிப் போட்டு, பெட்டி மாதிரி மடித்து வைத்துவிடுவது. மதுரையில் என் தங்கை மகள் இதைத்தான் பாக்ஸ் ஃபோல்டிங் என்கிறாள், கல்யாண வீட்டுக்கெல்லாம் இதற்கென்றே ஆள் வந்து செய்துகொடுக்கிறார்களாம். கப்பலில் பிரித்துச் சொருகினால் பத்து நிமிடம். ரவிக்கையின் தோளில் உள்பக்கமாக ஒரு சின்ன பட்டன், முந்தானை மடிப்பின் அடியில் அதற்கு ஒரு நூல் காது, இதைத் தைத்துவிட்டால் ஊக்கு பட்டைக் கிழிக்காது, காற்றில் முந்தானையும் நழுவாது. இதற்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை, கப்பல் என்று சொன்னால் போதும்.

தேய்ப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அயர்ன் பாக்ஸ் கொண்டுபோகாதீர்கள். தீ பயம் என்பதால் கேபினில் அயர்ன், ஸ்டீமர் எதற்கும் அனுமதி இல்லை. நான் கைக்கு அடக்கமான ஒன்றைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், ஏறும்போதே எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்துக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள், இறங்குகிற அன்று வரிசையில் நின்று வாங்கி வந்தேன். அதே வரிசையில் மாமியாரும் நின்றார். அவர் பையில் கற்பூர டப்பா, தீப்பெட்டி, ஊதுபத்தி, ஒரு சின்னக் காமாட்சி விளக்கு. மற்றதெல்லாம் கிடைத்தது, தீப்பெட்டி போனது போனதுதான். "நம்ம ஆளுங்க 1860ல கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா ட்ரூரோ கப்பல்ல வந்தப்பகூட யாரும் விளக்கைப் புடுங்கலையே" என்று அவர் சொன்னதை அங்கே பொருளைத் திருப்பிக் கொடுத்த கப்பல் பையனுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. சில கம்பெனிகளின் கப்பல்களில் பயணிகளே தேய்த்துக்கொள்ளத் தனி அறை உண்டு, குனார்டில் இருக்கிறது, இல்லாத இடத்தில் காசு கொடுத்துத் தேய்க்கக் கொடுக்கலாம். இல்லையென்றால் சேலையைக் குளியலறைக் கதவில் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்து ஆவி பிடிக்க வையுங்கள், தண்ணீர் மட்டும் பட்டில் தெறிக்கக்கூடாது, வட்டம் வட்டமாகக் கறை விழும்.

இனி ஆண்கள். இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

டக்ஸிடோ வாடகைக்கு எடுப்பதை நம் சின்னப் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஒரு ராத்திரி, அதுவும் இரண்டு மணி நேரம். கருப்பு அல்லது கருநீல சூட் வீட்டில் இருந்தால் போதும், எந்தக் கப்பலிலும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில், டெக்கில் பத்து நிமிடம் நின்றாலே கழுத்துப் பட்டை நனைந்து தொங்கும். நேரு சூட் அதைவிட எனக்குப் பிடிக்கும். டை வேண்டாம், கழுத்து மூடியிருப்பதால் தானாகவே விறைப்பாகத் தெரியும், தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் அதுவே ஆகும். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், டை என்றால் காத தூரம் ஓடுவார், நேரு சூட்டில் மட்டும் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார்.

வேட்டி? 2014ல் சென்னையில் நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டி வந்தார் என்று கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள், ஊரே கொதித்தது, அதே வருடம் தமிழ்நாட்டில் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டமே வந்தது. கப்பலில் அந்த அளவுக்குப் பிரச்சினை இல்லை, நாட்டு உடைக்குப் பொதுவாக மரியாதை உண்டு. ஆனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் பயணத்தில் இவர் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அங்கவஸ்திரம் என்று மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். சாப்பாட்டு ஹால் வாசலில் நின்றவர் வேட்டியைப் பார்த்துச் சிரித்தார், நன்றாக இருக்கிறது என்றார், அப்புறம் அவர் பார்வை கீழே இறங்கி இவருடைய செருப்பில் போய் நின்றது. விரல் தெரிகிற செருப்பு ஆண்களுக்கு ஆகாதாம். கேபினுக்குத் திரும்பிப் போய்க் கருப்பு ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டிக்குக் கீழே ஆபீஸ் ஷூவும் சாக்ஸும், பஞ்சாயத்துத் தலைவர் டெல்லிக்குப் போன மாதிரி. அதனால் வேட்டிதான் என்று முடிவு செய்தால் முன்பக்கம் மூடிய மோஜடி ஒன்று வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

ஆனால் வேட்டிக்கு உண்மையான மேடை வெள்ளை இரவுதான் என்பது என் கட்சி. எல்லோரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்டுக்கு அலையும்போது நம் வீட்டு அலமாரியில் ஏற்கனவே மடித்து வைத்திருக்கிறது. செருப்பையும் யாரும் பார்ப்பதில்லை, கொண்டாட்டமே திறந்த டெக்கில். ஒரே எதிரி காற்று. கப்பல் மணிக்கு 18 கடல் மைல் (18 நாட்) வேகத்தில் போனாலே, வெளியில் காற்றே இல்லாவிட்டாலும், மணிக்கு 33 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். ஒட்டு வேட்டியும் இடுப்பில் பெல்ட்டும் கட்டாயம், உள்ளே ஒரு அரைக்கால் டவுசர் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

பெண்களுக்கு அந்த ராத்திரியில் வேறு சங்கடம். முழு வெள்ளைச் சேலை என்றதும் என் மாமியார் முகம் மாறிவிட்டது, சுமங்கலி கட்டலாமா என்று. நானும் அவரோடு வாதாடவில்லை. கேரளாக் கசவு மாதிரி சந்தன வெள்ளையில் தங்கக் கரை வைத்த சேலை கட்டினேன், அவருக்கும் நிம்மதி, கப்பல்காரர்களுக்கும் வெள்ளை.

உடை முடிந்தது, எங்கே சாப்பிடுவது? பெரிய ஹாலில் மேஜைக்கு வந்து பரிமாறுவது, மேலே பஃபே, இல்லை தனியாகக் காசு கட்டும் உணவகம். காலா நைட்டில் ஹாலுக்குத்தான் போக வேண்டும், விளக்கு, பாட்டு, பரிமாறுகிறவர்கள் நாப்கினைச் சுழற்றிக்கொண்டு ஊர்வலம் வருவது எல்லாம் அங்கேதான். ஆனால் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும், சின்னக் குழந்தைகள் இருந்தால் முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். மெனுவில் அன்றைக்கு மாட்டிறைச்சிதான் ராஜா, நாம் தொடமாட்டோம், அதனால் முதல் நாளே ஹால் பொறுப்பாளரைப் பார்த்து மாட்டிறைச்சி வேண்டாம், இந்தியன் வெஜிடேரியன் வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டால் ஒரு பருப்பும் குருமாவுமாவது வரும். புரட்டாசி கப்பல் சீசனில் வராது, ஆனால் தைப்பூசம் சரியாக நடுவில் வரும். காவடிக்கு விரதம் இருப்பவர் ஹாலில் உட்கார்ந்தால் பக்கத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே பசியோடு இருக்க வேண்டியதுதான், அவருக்கு பஃபேயில் பழமும் தயிரும் மேல். இன்னும் மேல், பயணத் தேதியையே மாற்றிவிடுவது. காசு கட்டும் உணவகம் நான்கு நாள் பயணத்துக்கு வீண் என்பேன், டிக்கெட்டிலேயே சாப்பாட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

ஃபோட்டோ: கப்பல் ஃபோட்டோகிராஃபர் பின்னால் திரை கட்டி எடுப்பார், எடுப்பதற்குக் காசில்லை, பிரதி வாங்கத்தான் காசு, அது கையைக் கடிக்கும். ஒன்று மட்டும் வாங்குங்கள், மற்றதை மேஜையில் பழகினவர்களிடம் உங்கள் ஃபோனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். எம்எஸ்சி ஸ்பிளெண்டிடா மாதிரிக் கப்பல்களில் ஸ்வரோவ்ஸ்கி கல் பதித்த படிக்கட்டே இருக்கிறது, அதைவிட என்ன திரை வேண்டும்? கொசுவத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், நின்ற பிறகு விடுங்கள்.

இந்த மார்ச்சில் திரும்பப் போகிறோம். எனக்கு ஒரு சாஃப்ட் சில்க், ஒரு கசவு, அவருக்கு நேரு சூட், ஒட்டு வேட்டி, மோஜடி, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது. மாமியாரும் வருகிறார். அவர் பையில் இந்தத் தடவை என்ன இருக்கிறது என்று கேட்டேன், "ஒண்ணுமில்ல" என்றார். எக்ஸ்ரே மெஷின் பார்த்துக்கொள்ளும்.