கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார், பில் மட்டும் தரவில்லை

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் வீடு வீடாக வந்து போகிறார். பெயின்ட் அடிப்பார், 3டி ஸ்டிக்கர் ஒட்டுவார், சாமி மூலையை ‘செட்’ பண்ணிக் கொடுப்பார். பேர் சொல்ல மாட்டேன், விஷயம் இன்னும் முடியவில்லை. இந்த வருஷமும் தீபாவளிக்கு முன்னால் ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தோட்ட வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பாதியை அடைத்து எடுத்த குசினி. காம்பராவின் பின்சுவர் மண்திட்டோடு ஒட்டினாற்போல நிற்கிறது. அப்பா இருந்தவரை வருஷா வருஷம் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அவரே அடிப்பார். அப்பா போன பிறகு நானும் தங்கச்சியும் காசில்லாத அலங்காரம்தான் செய்தோம். அம்மாவின் பழைய வாயில் சேலையில் ஜன்னல் திரை, ஜாம் போத்தலில் மணி பிளான்ட். தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டிப் பலகைதான் சாமித் தட்டு. அதில் முருகனும் மாரியம்மனும், நடுவில் அப்பா கொச்சிக்கடைக் கோயிலிலிருந்து வாங்கி வந்த அந்தோனியார் படமும். எங்கள் லயத்தில் பாதி வீட்டில் இப்படித்தான் இருக்கும்.

அதோடு நின்றிருக்கலாம். 2024 தீபாவளி முடிந்த கையோடு தங்கச்சியைப் பெண் பார்க்க கொட்டகலையிலிருந்து வருவதாக இருந்தது. பின்சுவரில் கீழே இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்தச் சுவரைத்தான் என்று அம்மாவுக்குக் கவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார். பக்கத்து டிவிசன் கோயில் மதிலுக்குக் காசே வாங்காமல், காணிக்கையாகப் பெயின்ட் அடித்தவர். கோயில் கமிட்டி ஆட்களுடன் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். அம்மாவுக்கு அது போதும். போனை எடுத்து, தான் செய்த வேலை என்று படங்களைக் காட்டினார். வெள்ளைச் செங்கல் மாதிரி சுவர், நடுவில் ஓம், பின்னால் மஞ்சள் எல்ஈடி வெளிச்சம். அழகாகத்தான் இருந்தது. எங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஒன்னுமில்ல அம்மா. டேம்ப் புரூஃப் பெயின்ட் ரெண்டு கோட், அதுக்கு மேல ஸ்டிக்கர். அஞ்சு வருசத்துக்கு நான் கேரண்டி” என்றார்.

மொத்தம் 38,000 ரூபா, அதில் 25,000 முற்பணம். அப்போதுதான் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ஆகியிருந்தது. அம்மாவுக்கு 28 நாளுக்கு மேல் முழு வேலை கணக்கில் விழுந்தால்தான் அந்த 38,000. சீட்டுக் காசும் தீபாவளி முற்பணமும் சேர்த்து எடுத்தோம்.

காசு கைமாறிய விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் நேராக வாங்கவில்லை. “வெத்தலையில வச்சுத் தாங்க அம்மா” என்றார். சாமித் தட்டில் தானே கற்பூரம் கொளுத்தி, சுடரின் மேல் கையைக் காட்டி, “நான் இருமுடி கட்டுற ஆளு. சாமி சுவத்துல கள்ள வேலை செஞ்சா நான் வெளங்குவேனா?” என்று கேட்டுவிட்டு, வெற்றிலையோடு காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மெதுவாக, “அண்ணே, பில் ஒன்னு எழுதித் தாங்க” என்றேன். அவர் சிரித்தார். அம்மாதான் என்னை முறைத்தார். “சாமி முன்னாலயே சொல்லிட்டாரு, இன்னும் என்னாடி பில்லு?”

நானும் விட்டுவிட்டேன். அந்தக் கற்பூர வாசனையில் பில் கேட்பது எனக்கே அசிங்கமாகப் பட்டது. அவர் நம்பியிருந்ததும் அதைத்தான் என்று இப்போது புரிகிறது.

சொன்ன நாளுக்கு ஐந்து நாள் கழித்து வந்தார். மழை நாள், சுவர் நசநச என்றிருந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டவில்லை, விளக்குமாற்றால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். பெயின்ட் வாளியில் நல்ல கம்பெனியின் பேர் இருந்தது. ஆனால் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. புது வாளியென்றால் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டி இருக்கும், அதைக் கிழிக்காமல் மூடி கழலாது. உள்ளே இருந்ததோ கஞ்சி பதத்தில் ஒன்று. காலையில் ஒரு கோட், மத்தியானம் ஒரு கோட், பின்னேரம் அது காயுமுன்னே ஸ்டிக்கர். இரவு ஏழு மணிக்கு எல்ஈடியைப் போட்டுக் காட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், காம்பரா மாளிகை மாதிரி இருந்தது. அம்மா கண்கலங்கினார். மிச்சம் 13,000-ஐயும் கொடுத்து, அவருக்கு ஒரு வேட்டியும் கொடுத்து அனுப்பினோம்.

பெண் பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை என்பது வேறு கதை. குளிர் தாங்காமல் மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்கு வந்துவிட்டார். பேச்சுவார்த்தை எல்லாம் புகைக்குள்தான் நடந்தது.

மூன்றாவது கிழமை, சுவரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஓரம் வாய் பிளந்தது. விரலை விட்டு லேசாக இழுத்தேன். ஸ்டிக்கர் தனியாக வரவில்லை. பெயின்ட், அதன் பின்னால் பழைய சுண்ணாம்பு, அதன் பின்னால் பூச்சு என்று ரொட்டி மாதிரி ஒரு கனத்துக்கு எல்லாம் சேர்ந்து கழன்று வந்தது. பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், நனைந்த சாக்கு நாற்றம். ஸ்டிக்கர் இல்லாத இடத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை ஊசியால் குத்தினேன், தண்ணீர் வழிந்தது.

போன் எடுத்துச் சொன்னேன். “மழைக்காலம் அக்கா, வெயில் வந்தா ஒட்டிக்கும்” என்றார். அடுத்த கிழமை எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமை அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

இதெல்லாம் காசோடு போகிற விஷயம். டிசம்பர் 13, திருக்கார்த்திகை அன்று நடந்தது அப்படியில்லை. அம்மா சாமித் தட்டில் வழக்கம்போல விளக்குகளை வரிசையாக ஏற்றிவிட்டு இஸ்தோப்புக்குப் போயிருந்தார். உள்ளே பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப் பார்த்தால், விளக்குக்குப் பின்னாலிருந்த ஸ்டிக்கர் சுருங்கிக் குழிந்து, கறுப்பாக உருகித் தட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டில் சின்ன நெருப்பு. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். அந்தோனியார் படத்தின் ஒரு மூலை கருகியதோடு தப்பினோம்.

அந்த ஸ்டிக்கர் செங்கல்லும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை. பஞ்சு மாதிரியான பிளாஸ்டிக் நுரை. விளக்கு ஏற்றும் இடத்தில் அதை ஒட்டவே கூடாது. ‘சாமி மூலை ஸ்பெஷல்’ என்று விற்ற மனிதர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லயத்தில் நெருப்புப் பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது என்பதை மலையகத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஒரே கூரை. உங்கள் வீட்டில் சாமித் தட்டுக்குப் பின்னால் இது இருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்னால் அந்தத் துண்டை மட்டுமாவது கழற்றிவிட்டு வாருங்கள்.

சுவரை மேல் லயத்தில் இருக்கும் பழைய மேசன் தாத்தா வந்து பார்த்தார். பார்த்த உடனே வெளியே போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் மண்திட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடும் கானை (வடிகாலை) காட்டி, “இதைக் கடைசியா எப்ப வெட்டினீங்க?” என்று கேட்டார். அப்பா இருந்தபோது வெட்டியது. இலையும் மண்ணும் நிறைந்து, மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் சுவரடியிலேயே ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் காலத்துக் கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. அதன் ஈரம் சுண்ணாம்பு வழியாக மெல்ல வெளியே போய்விடும். அதன் மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே கிடந்து பூச்சைத் தள்ளும். சுண்ணாம்புத் தூள் மேல் நேரடியாக அடித்த பெயின்டுக்குப் பிடிமானமும் கிடையாது.

இன்னொன்றும் காட்டிக் கொடுத்தார். சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாள், அந்த லன்ச் சீட்டை ஒரு முழம் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். சீட்டுக்கு உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்குள் இருக்கிற ஈரம், அடுப்பும் ஈரத்துணியும் பண்ணுகிற வேலை. எங்களுக்கு உள்பக்கம்தான். இரண்டு நாளும் ஒரு லன்ச் சீட்டும் 38,000 ரூபாவைக் காப்பாற்றியிருக்கும்.

காசைத் திரும்ப வாங்கப் போன கதைதான் எனக்கு அதிகம் வலித்தது. முதலில் கோயில் கமிட்டியிடம் போனோம். “நம்ம கோயிலுக்குச் சும்மா வேலை செஞ்ச ஆளு, பேரைக் கெடுத்துடாதீங்க. தைப்பூசம் முடியட்டும், பேசி முடிச்சுருவோம்” என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்களும் நம்பியவர்கள்தான். நாங்கள் தைப்பூசம் வரை, அதாவது 2025 பெப்ரவரி 11 வரை காத்திருந்தோம். அப்புறம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் போன் பண்ணினேன். சாமானோ வேலையோ கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டுமாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வேலை முடிந்தது ஒக்டோபர் கடைசியில். ஜனவரியோடு காலம் போய்விட்டது. கேட்டால் விற்பவர் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நான் கேட்டேன், சிரிப்புத்தான் கிடைத்தது.

மிஞ்சியது மத்தியஸ்த சபை, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கும் இடம். வக்கீல் தேவையில்லை. ஆனால் நாங்கள் 38,000 கொடுத்தோம் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வெற்றிலை சாட்சி சொல்லாது. கைகொடுத்தது தங்கச்சி விளையாட்டாக எடுத்த வீடியோ. எல்ஈடி எரியும்போது அவர், “38,000க்கு இந்த வேலை எங்கயும் கெடைக்காது” என்று பெருமையாகச் சொல்வது அதில் இருக்கிறது. அதோடு அவருடைய படங்களை வட்ஸ்அப்பில் வைத்திருந்தேன். அக்கா மகன் ஒருநாள் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சித்தி, இந்த வீட்டுல சிவப்பு கேஸ் சிலிண்டர் இருக்கே” என்றான். இங்கே நம் வீடுகளில் நீலம், இல்லாவிட்டால் மஞ்சள். அது இந்தியாவில் யாரோ ஒருவருடைய வீடு. பதினாலு வயதுப் பையன் ஒரு நிமிஷத்தில் கண்டதை நாங்கள் நாலு பேர் பார்த்தும் காணவில்லை, எல்லாரும் ஓம் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் அழைப்புக்கு அவர் வரவில்லை, இரண்டாவதுக்கு வந்தார். வந்ததும், “சாமி மேல சத்தியமா நான் ஏமாத்தல” என்று தொடங்கினார். சபையில் இருந்த பெரியவர், “சாமிய விடுங்க தம்பி. எந்தத் திகதி, எவ்வளவு, அதச் சொல்லுங்க” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். 22,000 திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு, அன்று 7,000 கொடுத்தார். வெளியே வந்தபோதுதான் அதே ஆள் மேல் முறைப்பாட்டோடு வந்திருந்த இன்னும் இரண்டு குடும்பத்தைப் பார்த்தோம். ஒன்று வேதக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஜெபமாலையைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்தாராம்.

இப்போது எங்கள் பின்சுவர் வெறும் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலத்தோடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா மகனும் கானை வெட்டினோம். சுவர் காய ஒன்றரை மாதம் விட்டோம். சுண்ணாம்பு, தூரிகை, விளக்குக்குப் பின்னால் பதிக்க ஹாட்வெயார் கடையில் கேட்டு வாங்கிய உடைந்த டைல் துண்டுகள், எல்லாம் சேர்த்து 3,000 ரூபா ஆகவில்லை. டைல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. மூலை கருகிய அந்தோனியாரை மாற்றலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த தவணை வருகிற 15ஆம் திகதி. வந்தால் எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.