ரிங்லெட் பூ நர்சரி: பார்க்க ஒரு செடி, வாங்க வேறு செடி

மலேசியாவில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். முக்கால்வாசி வண்டிகள் இங்கே நிற்பதில்லை, தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று நேரே ஏறிவிடும். ஊருக்குச் சற்றுத் தள்ளி, தேயிலைச் சரிவை ஒட்டி ஒரு குடும்பம் நடத்தும் நர்சரி இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. படம் பிடிக்க வளைவு, ஊஞ்சல் எதுவும் இல்லை. படிப்படியாக இறங்கும் நான்கு பிளாஸ்டிக் கொட்டகைகள், அவை நிறைய செடி. பூவை நின்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு, மேலே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தோட்டங்களைவிட இது நல்ல இடம்.

முதல் கொட்டகை முழுக்க, பந்து மாதிரி கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சா. இங்கே கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து குச்சி ஒடித்து நட்டவற்றை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒரு வரிசையை நீலமாகவும் இன்னொன்றை இளஞ்சிவப்பாகவும் பூக்க வைத்திருக்கிறார்கள். சாயம் கிடையாது, எல்லாம் மண்ணின் வேலை. மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும், பூ நீலமாகும். டோலமைட் சுண்ணாம்பு போட்டு 6.5க்கு மேல் ஏற்றினால் அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும், பூ இளஞ்சிவப்பாகும். நடுவில் அகப்பட்ட செடிகள் ஊதா காட்டும். வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணிலும் நீலமாகாது.

நீலம் வேண்டுமென்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட் கரைத்து, மொட்டு கட்டும் முன்பே ஊற்ற வேண்டும். விரிந்துவிட்ட பூ நிறம் மாறாது. காய்ந்த தொட்டியில் இதை ஊற்றினால் வேர் கருகும். முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். 'பூ உரம்' என்று விற்கும் பாஸ்பரஸ் மிகுந்த உரத்தைப் போட்டால் நீலம் வெளுக்கும், ஏனென்றால் பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடும்.

கொத்தை விலக்கி உள்ளே பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கிற நான்கும் உண்மையில் புல்லிகள், அதாவது மொட்டை வெளியே மூடியிருக்கும் உறைகள். நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மணி இருக்கிறதே, அதுதான் பூ. அது உதிர்ந்த பிறகும் புல்லிகள் பச்சை ஏறி வாரக்கணக்கில் நிற்கும்.

ஆனால் மலைக்குக் கீழே, சமவெளியில் இருக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். ஹைட்ரேஞ்சா மொட்டு வைக்க, சில வாரங்களாவது இரவு வெப்பம் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். மலையில் இரவு 15 பாகை வரை இறங்குகிறது. தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் பக்கம் இரவிலும் 22க்கு மேலேயே நிற்கும். செடி சாகாது, இலை தளதளவென்று வரும், வாங்கும்போது இருந்த கொத்து வாடியபின் மறு பூ வராது. இந்த நர்சரியை நாங்கள் சிபாரிசு செய்ய முதல் காரணமே, விற்பவர்கள் இதை மறைக்காததுதான். "அண்ணே, வீடு கீழேயா? அப்போ இத எடுக்காதீங்க, பூக்காது. அந்தப் பக்கம் ஜெர்பரா பாருங்க" என்று கல்லாவில் இருக்கும் அம்மாவே சொல்லிவிடுகிறார். சாலையோரக் கடைகளில் இந்த நேர்மை எளிதில் கிடைக்காது.

லாவெண்டரும் அதே கதைதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். விரலால் தேய்த்து மணத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஜிமிக்கி மாதிரி தொங்கும் ஃபுஷியா 30 பாகை வெயிலில் மொட்டை உதிர்த்துவிடும்.

மூன்றாவது கொட்டகையில் செவ்வந்தி. மேலே வரிசையாக பல்பு தொங்குவது வெளிச்சத்துக்கு அல்ல. செவ்வந்தி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நம் நாட்டில் ஆண்டு முழுக்க இரவு ஏறக்குறைய 12 மணி நேரம், அதனால் சும்மா விட்டால் தண்டு நீளும் முன்பே பூத்துவிடும். நடு இரவில் விளக்கு போட்டு இருட்டைத் துண்டாக்கி, தண்டு வேண்டிய உயரம் வந்ததும் அணைக்கிறார்கள். இரவில் மலைச்சரிவுகளில் கொட்டகைகள் ஒளிர்வது இதனால்தான். சாமிக்குக் கொத்து வாங்குகிறவர்கள் அடி இலையையும் வெட்டுவாயையும் பாருங்கள். இலை மஞ்சளித்து, தண்டின் முனை வழவழத்தால் பழைய பூ. வீட்டில் முனையைச் சாய்வாக மறுபடி வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

கீழே பிழைக்கும் செடி என்று பார்த்தால் ஜெர்பரா, நிழலில் வைக்கும் பிகோனியா, மழை படாத இடத்தில் கள்ளி வகைகள், சிறுபூ ரோஜா. பெரிய பூ ரோஜா கீழே வந்தால் பூ சிறுத்து, சீக்கிரம் விரிந்து கொட்டும். மழையில் இலை நனைந்தே கிடந்தால் கரும்புள்ளி நோய் வரும், எனவே தண்ணீரை வேரடியில் மட்டும் விடுங்கள். ஜெர்பராவின் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்து நட்டால் அழுகிவிடும்.

எதை எடுத்தாலும் பொலிபேக்கை (செடி நட்டிருக்கும் பிளாஸ்டிக் பையை) தூக்கி அடித்துளையைப் பாருங்கள், இங்கே யாரும் தடுப்பதில்லை. வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பாகக் குழைந்திருந்தால் வைத்துவிடுங்கள். பூத்துக் குலுங்குவதைவிட மொட்டு நிறைந்ததுதான் பயணத்தைத் தாங்கும். இவர்களின் மண் கலவையில் தேங்காய்நார்த் தூள் அதிகம். மலையின் குளிருக்கு அது சரி. கீழே மதியத்துக்குள் காய்ந்துவிடும், ஒரு தடவை முழுக்கக் காய்ந்தால் ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடுமே தவிர உள்ளே இறங்காது. அப்போது தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தி ஊறவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. கொட்டகைகளுக்கு நடுவே மண்படி, மழை பெய்தால் வழுக்கும், கைப்பிடி இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முதல் கொட்டகையோடு நின்றுகொள்வது நல்லது. ரோஜாவுக்கு ரகப் பெயர் எழுதுவதில்லை, பூவின் நிறத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். பெரிய பூவா சிறுபூவா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கார் நிறுத்த இடம் குறைவு.

வார நாளில் காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மழை, பள்ளி விடுமுறையில் சாலை முழுக்க நெரிசல். செடிகளைக் கடைசியாக, இறங்கும்போது வாங்குங்கள். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 45 கிலோமீட்டரும் வளைவுதான், தொட்டி உருளும். அட்டைப்பெட்டியில் நெருக்கி வைத்து, இடைவெளியில் பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். தாப்பாவில் சாப்பிட இறங்கினால் கண்ணாடியை மூடிவிட்டுப் போகாதீர்கள், மூடிய காருக்குள் இலை வெந்துவிடும். வீட்டில் முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் நிழலில் வையுங்கள். அதுவரை தொட்டி மாற்றமும் வேண்டாம், உரமும் வேண்டாம். புதுக் குருத்து வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தலாம்.