பாட்டியின் சவரன்: நகைக்கடையா, நாணய வணிகரா?

பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து இரண்டு தங்கக் காசுகள் என் பங்குக்கு வந்தன. இரண்டும் பிரிட்டிஷ் சவரன்; மும்பைக் கடைத்தெருவில் கின்னி என்பார்கள். நகைக்கடைகள் நிறைந்த ஜவேரி பஜாரில் எடைக்குப் போட்டுவிடு என்றார் அண்ணன். கோட்டைப் பகுதியில் (ஃபோர்ட்) பழைய நாணயம் வாங்குபவரிடம் முதலில் காட்டுவோம் என்றேன் நான். கடைசியில் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு காசை விற்றேன். என் சாய்வு நாணய வணிகர் பக்கம்தான்.

நகைக்கடையில் வேலை சுருக்கம். காரட் மீட்டரில் வைத்தார்கள், 22 காரட். அன்றைய விலை, கழிவு, கையில் பணம். எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைகிறதே என்று பதற வேண்டாம். அச்சிட்ட நாளிலேயே சவரனின் எடை 7.988 கிராம்தான். ஆனால் அந்தக் கருவிக்கு உலோகம் மட்டுமே தெரியும். நல்ல தங்கத்திலேயே அடித்த போலிச் சவரன்கள் உண்டு. அசல் காசிலும் எது அரியது என்று அது சொல்லாது.

நாணய வணிகர் லென்ஸில் தேடியது, காசின் பின்பக்கத்தில் உள்ள குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் இருக்கும் பொடி எழுத்தை. காசு அடித்த ஊரை அது காட்டும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த். என் 1918 காசில் இருந்தது ஐ. இந்தியா! முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் நாணயச் சாலையான ராயல் மின்ட் பம்பாயில் கிளை வைத்து அடித்தது. அந்த ஒரே ஆண்டுதான், சுமார் 13 லட்சம் காசுகள். மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி, அது பிறந்த ஊரின் கோட்டைப் பகுதிக்கே அதைத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தங்க விலைக்கு மேலே தனித் தொகை கொடுத்தார்.

அந்தத் தொகையைத் தீர்மானித்தது காசின் முகம். பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துப் பிரஷ் போடுவது நகைக்கு நம் வீட்டு வழக்கம். காசுக்கு அது கேடு. மெருகு போட்டால் ராஜாவின் தலைமயிர்க் கோடுகள் மழுங்கிப்போகும், சேகரிப்பவர் ஒதுக்கிவிடுவார். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தாலும் அதே கதிதான். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பல காசுகளை ஒரே பையில் போட்டு உரச விடாதீர்கள். நல்ல வேளையாகப் பாட்டி இந்தக் காசைத் துணியில் முடிந்தே வைத்திருந்தார்.

ஏலத்துக்குக் கொடுத்தால் இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். கமிஷனும் காத்திருப்பும் உண்டு. நான் நேரடியாக விற்றவன், அதனால் அதைப் பரிந்துரைக்கத் துணியவில்லை. லண்டனில் விற்கலாமே என்றார் ஒரு உறவினர். நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

இன்னொரு காசு 1910, எட்வர்ட் ராஜாவின் தலை. காசுமாலையில் கோத்திருந்தது, உச்சியில் வளையம் பற்றவைத்திருந்தார்கள். அறுத்தாலும் தழும்பு போகாது, நகைக்கடைக்கே கொண்டுபோங்கள் என்று வணிகரே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைத்தான் அண்ணன் சொன்னபடி எடைக்குப் போட்டேன்.