லெகோ மினிஃபிகர்: மூடிய பெட்டியா, பிரித்த பொம்மையா?

டர்பனில் லெகோ மினிஃபிகர், அதாவது லெகோவின் சின்ன மனிதப் பொம்மை, சேர்க்கத் தொடங்கும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பது இதுதான்: கடையில் மூடிய பெட்டி வாங்குவதா, சேகரிப்பவர்களிடம் பிரித்த பொம்மையைத் தனியாக வாங்குவதா?

விலை
பெட்டி: எதை எடுத்தாலும் ஒரே விலை.
தனி: யாரும் தேடாதது மலிவு, எல்லோரும் தேடுவது பல மடங்கு.

கிடைப்பது
பெட்டி: உள்ளே யார் என்று தெரியாது. ஒன்றாக வெளியிடும் பொம்மை வரிசைதான் தொடர்; ஒரு தொடருக்குப் பெரும்பாலும் 12 பேர், ஐந்தாறு வாங்குவதற்குள் ஒரே ஆள் இரண்டு தடவை வந்துவிடலாம். பையாக இருந்தபோது தடவிக் கண்டுபிடித்தோம், 2023-இல் அட்டைப்பெட்டி வந்ததும் அது போயிற்று.
தனி: கேட்டது கிடைக்கும்.

நிலை
பெட்டி: புத்தம் புதுசு.
தனி: கைக்குக் கீழே உடலின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், அசல்தானா என்று அறியத் தலையைக் கழற்றிக் கழுத்தின் மேல் லெகோ எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜன்னலோரம் வெயிலில் நின்ற வெள்ளை மஞ்சளாகியிருக்கும்.

சில பொம்மைகளை எல்லோரும் தேடுவதற்குக் காரணம் முதலில் எண்ணிக்கை குறைவு. 2013-இல் 10ஆம் தொடரில் வந்த மிஸ்டர் கோல்டு உலகம் முழுக்க 5,000 தான். அப்புறம் கை கால் வரை அச்சு, வேறெதிலும் வராத தொப்பி.

குழந்தைக்குத் தீபாவளிப் பரிசென்றால் பெட்டிதான், பிரிக்கும் நிமிஷமே பாதி சந்தோஷம். தொடரை முடிக்க வேண்டுமென்றால் முதலில் நாலைந்து பெட்டி, மீதியைத் தனியாக வாங்குங்கள். கையில் பிடிக்கும் சாமான்களும் சேர்த்தா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.